எலெக்டிவ் படிவத்தை நிரப்பும் முன்

திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம், தாராபுரம், உடுமலை வட்டாரத்திலிருந்து பி.ஏ. வரலாறு படிக்கும் மாணவ மாணவியருக்கு,



இந்த மடலைப் பாடத்திட்டக் குழுவுக்கு எழுதியிருக்கலாம், துறைத் தலைவர்களுக்கும் எழுதியிருக்கலாம். யோசித்துப் பார்த்துவிட்டு உங்களுக்கே எழுதுகிறேன். குழுவில் இருப்பவர்கள் மாறுவார்கள், ஆசிரியர்கள் மாறுதலில் போவார்கள். ஆறு பருவத் தேர்வையும் எழுதி, அந்த மதிப்பெண் பட்டியலோடு வெளியே போகப்போவது நீங்கள். அதனால் இந்தச் சங்கதி உங்கள் காதில் நேராக விழ வேண்டும்.

நான் இந்தப் பகுதியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். விருப்பத்தாள் எடுக்கும் காலம் வந்தால் துறை வராந்தாவில் நீங்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். முதலில், "சார், எந்தப் பேப்பருங்க ஈஸி?" அடுத்து, "எதுக்குங்க சார் நோட்ஸ் கிடைக்கும்?" மூன்றாவதாக, கொஞ்சம் தயங்கி, "மத்தியானம் கிளாஸ் இல்லாத பேப்பர் எதுங்க?" முதல் இரண்டு கேள்விகளிலும் எனக்கு வருத்தம் உண்டு. மூன்றாவதில் இல்லை. ஒன்றரை மணிக்கு வகுப்பு விட்டால் அரை ஷிப்டாவது செக்கிங்குக்கோ கைமடிக்கோ போகலாம், சனிக்கிழமை சம்பளத்தில் பஸ் செலவும் பரீட்சைக் கட்டணமும் தேறும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. அந்தக் கணக்கைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மூன்று கேள்விகளிலும் கேட்கப்படாத ஒன்று இருக்கிறது. "எனக்கு எதைத் தெரிந்துகொள்ள ஆசை?" என்று உங்களில் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று நாங்களும் சொல்லிக் கொடுக்கவில்லை.

என் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். உங்கள் மூன்று வருடப் படிப்புக்கு ஒரு கருப்பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள். உழைப்பு, துணி, தண்ணீர், பெண்கள், பஞ்சம் பிழைக்க ஊர் விட்டுப் போவது, சட்டம், எதுவாகவும் இருக்கட்டும். எலெக்டிவ், அலைடு, நான்-மேஜர், கடைசி வருட புராஜெக்ட் என்று எங்கெல்லாம் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அந்தக் கருப்பொருளுக்குப் பக்கத்தில் வரும் தாளை எடுங்கள். தேர்ந்தெடுக்க வழியில்லாத கட்டாயத் தாள்களை அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நம் பாடத்திட்டம் வருடங்களால் வெட்டப்பட்டது. 1206 வரை ஒரு தாள், 1707 வரை இன்னொன்று, பிறகு 1947 வரை. தமிழக வரலாறு தனியாக, ஐரோப்பா தனியாக, அரசியலமைப்பு தனியாக. நாள் முழுக்கக் கை மட்டும் வைத்துத் தைக்கும் டெய்லருக்கு டி-ஷர்ட் முழுதாக எப்படி வந்தது என்று தெரியாது. அவருடைய லாட் முடிந்தால் சரி. நம் பிள்ளைகளும் அப்படித்தான் பட்டம் வாங்குகிறார்கள். அலாவுதீன் கில்ஜியின் சந்தைச் சீர்திருத்தம் தெரியும், பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள் ஐந்தும் தெரியும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன பேச்சு என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஒரே ஒரு வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 1925. அந்த செப்டம்பரில் பாட்னாவில் காந்தி அகில இந்திய நூற்போர் சங்கத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் அதன் கதர் வேலைக்குத் திருப்பூர் முக்கிய மையமாயிற்று, கோவை அ. அய்யாமுத்து போன்றவர்கள் அந்த வேலையில் பல வருடம் பாடுபட்டார்கள். அதே 1925-ல்தான் இதே ஊரில் குலாம் காதர் 'பேபி நிட்டிங்' என்ற பெயரில் முதல் பின்னலாடைப் பட்டறையைத் தொடங்கினார் என்பது பனியன் தொழிலின் வரலாறு. கையால் நூற்ற நூலுக்கும் மிஷினில் பின்னிய பனியனுக்கும் ஒரே ஊர், ஒரே வருடம். உங்கள் விடைத்தாளில் முதல் செய்தி விடுதலைப் போராட்டத் தாளில் ஒரு வரியாக வரும். இரண்டாவது எந்தத் தாளிலும் வராது. துணியைக் கருப்பொருளாக வைத்திருப்பவருக்கு மட்டும் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும், கூடவே கேள்விகளும் வரும். கதர் கட்டச் சொன்ன ஊரில் மில் நூல் பனியனை யார் வாங்கினார்கள்? இரண்டையும் விற்றவர்கள் ஒரே வியாபாரிகளா? கதர் நூற்றுக் கூலி வாங்கிய பெண்கள் பின்னால் எங்கே போனார்கள்? இதற்கெல்லாம் நோட்ஸ் கிடையாது, நீங்கள்தான் தேட வேண்டும்.

கொடி காத்த குமரனையே பாருங்கள். ஸ்டேஷன் பக்கம் அவர் நினைவகத்தைத் தாண்டித்தான் உங்களில் பாதிப்பேர் பஸ் பிடிக்கிறீர்கள். 1932 ஜனவரி 4-ல் காந்தி கைதானார். 10-ஆம் தேதி இங்கே ஊர்வலம், தடியடி. மறுநாள் குமரன் இறந்தார். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இது போதும். ஆனால் அவர் பிறந்தது சென்னிமலையில், நெசவாளர் ஊரில். அங்கிருந்து பிழைப்புக்குத் திருப்பூர் வந்து பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். சாகும்போது 27 வயது. உழைப்பு என்ற கண்ணோடு படித்தால், தறியை விட்டு மில்லுக்கு வந்த ஒரு தலைமுறையின் கதை அந்த உயிர்த் தியாகத்துக்குள் இருப்பது தெரியும். அவருக்கு அப்போது இருந்த வயதுக்கு நீங்கள் இன்னும் சில வருடத்தில் வந்துவிடுவீர்கள். உங்களில் எத்தனை பேரின் தாத்தா தறியிலோ காட்டிலோ இருந்து அப்படி வந்தவர் என்று கேட்டுப் பாருங்கள்.

துணி என்ற கருப்பொருளை இன்னும் கொஞ்சம் இழுத்துக் காட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பிறகு மற்றவர்களும் அகழாய்வு செய்தார்கள். தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள், இரும்பு உருக்கிய உலை, கல்மணி செய்த பட்டறைகள், கூடவே நூல் நூற்கும் தக்களி. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது அறிஞர் கருத்து. காங்கயம் பக்கத்துப் படியூரில் எடுத்த பெரில் கல்லுக்கு ரோமாபுரியில் கிராக்கி இருந்தது. அப்போதே நொய்யல் கரையில் வெளிநாட்டுக்காரனுக்குச் சரக்கு செய்துகொண்டிருந்தார்கள் என்று உங்கள் பண்டைய இந்தியத் தாளில் எழுதலாம். அடுத்த தாளில், 1800-ல் கோவைச் சீமை வழியாகப் போன பிரான்சிஸ் புக்கானன் நெசவாளர்களைப் பற்றி எழுதிவைத்த குறிப்பைப் படிக்கலாம். ஐரோப்பியத் தாளில், இந்தியச் சீட்டித் துணி தங்கள் நெசவாளர்களைக் கெடுக்கிறது என்று இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் போட்டு அதைத் தடுத்ததைக் காணலாம். பிறகு மான்செஸ்டர், பிறகு கதர். நாட்டுக்கு நாடு கோட்டா வைத்த பலஇழை ஒப்பந்தம் 1974-ல் வந்தது அதற்குப் பிறகு; அந்தக் கோட்டா 2004 முடியும் வரை நீடித்தது. கோட்டா காலம் என்று உங்கள் ஊர் எக்ஸ்போர்ட்டர்கள் இன்னும் பேசுவது அதைத்தான்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது உங்களில் பலர் வீட்டில் ஓவர்டைம் நின்றது. பையர் ஆர்டரை நிறுத்திவைத்தான் என்று அப்பா சொல்லியிருப்பார். டிவியில் அதை அமெரிக்க அதிபரின் குணமாகவும் கோபமாகவும் விளக்கினார்கள். 1721 தெரிந்த மாணவருக்கு அந்த விளக்கம் போதாது. தன் ஊர்த் தொழிலாளியைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அடுத்த நாட்டுத் துணியைத் தடுப்பது முன்னூறு வருடப் பழக்கம் என்று அவர் சொல்வார். அப்போது யார் பிழைத்தார்கள், யார் கெட்டார்கள் என்றும் சொல்வார். எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளிக்கே அந்தப் பேச்சைக் கேட்க ஆசை இருக்கும். ஆனால் அதைச் சொல்ல நம் துறையிலிருந்து யாரும் போவதில்லை.

உழைப்பை எடுப்பவர்களுக்கு வேறொன்று சொல்ல வேண்டும். ஒரு முறை வகுப்பில், "வீட்டில் இருக்கும் பழைய காகிதம் எதையாவது கொண்டுவாருங்கள்" என்றேன். ஒரு மாணவி தன் அம்மாவின் ஷிப்ட் நோட்டைக் கொண்டுவந்தாள். பாக்கெட்டில் வைக்கிற சின்ன நோட்டு, அட்டையில் எண்ணெய்க் கறை. உள்ளே தேதிக்குப் பக்கத்தில் பேனாவால் 1, 1½, 1½, 1, 2, அடுத்த நாள் ஒரு கோடு. சனிக்கிழமைக்கு நேரே கூட்டல், அதற்குக் கீழே அட்வான்ஸ் கழித்தது, அதற்கும் கீழே வட்டமிட்ட ஒரு தொகை. கோடு போட்ட நாள் எல்லாம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அந்த மாணவி சொன்னாள். அந்தக் குழந்தை அவள்தான். 2 என்று எழுதியிருந்த நாட்கள் எல்லாம் ஏன் தீபாவளிக்கு முந்தின மாதத்திலேயே வருகின்றன என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். போனஸுக்கு முன்பே ஜவுளிக்குப் பணம் சேர்க்கிறார்களா, அல்லது கம்பெனியில் ஷிப்மெண்ட் அவசரமா? அந்த மணி நேரம் முழுக்க அந்தக் கேள்வியிலேயே போனது.

இங்கிலாந்து வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967-ல் நேரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு உடம்பைப் பழக்குவது தொழிலாளியின் முதல் தலைமுறைக்கு எவ்வளவு சிரமமாயிருந்தது, அடுத்த தலைமுறை வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டது எப்படி, அதற்கடுத்தது ஓவர்டைம் கூலிக்காகப் போராடியது எப்படி என்று அதில் காட்டுகிறார். அந்தக் கட்டுரையையும் அந்த ஷிப்ட் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் உங்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது; அதற்கு மேல் செய்தால் இரட்டிப்புக் கூலி என்றது. ஒன்றரை ஷிப்ட் என்ற நம் ஊர்க் கணக்கு அந்தச் சட்டத்துக்கு எங்கே பொருந்தியது, எங்கே அதை மீறியது என்று பார்ப்பது உங்கள் வேலை. சென்னையில் 1918-ல் தொழிற்சங்கம் பிறந்தது, 1923-ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது, 1946 ஜனவரியில் சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டது, 1984-ல் திருப்பூரில் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலை நிறுத்தம் நடந்தது, எல்லாம் இந்த ஒரே நூலில் கோத்துக்கொள்ளும். 1984-ல் அந்த நாட்களைப் பட்டினியோடு கழித்தவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயது எழுபதுக்குப் பக்கம். இதில் அவசரம் இருக்கிறது.

கம்பெனித் தரையில் மஞ்சள் கோடு பார்த்திருப்பீர்கள். அதன் மேல் பண்டல் வைத்தால் சூப்பர்வைசர் திட்டுவார். ஆடிட் வருகிற அன்றைக்கு இன்னும் அதிகம் திட்டுவார். தீப்பிடித்தால் ஆள் வெளியே ஓட வழி அது. நியூயார்க்கில் 1911 மார்ச் 25-ல் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். இறந்தவர்கள் 146 பேர், பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். 2013 ஏப்ரல் 24-ல் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். வெளிநாட்டு பிராண்டுகள் அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தில் இன்னும் பயந்தன. உங்கள் அக்கா காலடியில் இருக்கும் அந்தக் கோட்டுக்கு இவ்வளவு பிணங்களின் வரலாறு இருக்கிறது. உலக வரலாற்றுத் தாளில் இதற்கு ஒரு பக்கமும் இல்லை. கருப்பொருளோடு படிப்பவர் அந்தப் பக்கத்தைத் தானே எழுதிக்கொள்வார்.

தண்ணீரை எடுப்பவர்களுக்குப் பொருள் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது: நொய்யல் அணைக்கட்டுகளும் குளங்களும், பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடிந்து சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை, விவசாயிகள் நடத்திய வழக்குகள், 2009-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு, தலைமுறைகளாகக் கேட்டு 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டம். சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' நாவலைத் தமிழ்த் துறை நண்பர்களிடம் வாங்கிப் படியுங்கள், நாவலும் சான்றுதான். இதற்கு மேல் நான் விரிக்கவில்லை, விரித்தால் அதுவே தனி மடலாகிவிடும்.

இது என் சொந்தக் கிறுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகங்களை 2007-லேயே கருப்பொருள்களாகப் பிரித்து எழுதியது. சிபிஎஸ்இ பள்ளிப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வருகிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வரலாறு எடுப்பவர் ஒரு நிலப்பகுதியையோ கருப்பொருளையோ பாதையாக வைத்து அதைச் சுற்றித் தாள்களை அமைத்துக்கொள்ளலாம். பருத்தி ஒன்றை மட்டும் வைத்து ஓர் உலக வரலாற்றையே ஸ்வென் பெக்கர்ட் 2014-ல் எழுதினார். நம் ஊரைப் பற்றியே ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். காட்டில் பாடுபட்ட கவுண்டர்கள் கம்பெனிக்குத் தொழிலாளியாக வந்து, பிறகு முதலாளிகளான கதை அது. எங்கெங்கோ இருக்கும் மாணவர்கள் திருப்பூரைப் பற்றிப் படிக்கிறார்கள். திருப்பூரில் இருக்கும் மாணவர்கள் படிக்கவில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று தெரியும். "சார், நாங்க டி.என்.பி.எஸ்.சி. எழுதப் போறவங்க." எழுதுங்கள். குரூப் 1, குரூப் 2 முதல்நிலைத் தேர்வுப் பாடத்திட்டத்தில் தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு, சமூக-அரசியல் இயக்கங்கள் என்று ஓர் அலகே இருக்கிறது. முதன்மைத் தேர்வில் விரித்து எழுதச் சொல்வார்கள். வருடத்தை மனப்பாடம் செய்தவர் முதல்நிலையைத் தாண்டலாம். விரித்து எழுதும் இடத்தில் அவருக்குக் கை ஓடாது. மூன்று வருடம் ஒரே கேள்வியைத் துரத்தியவருக்கு எழுதப் பொருள் இருக்கும். தேர்வு கிடைக்காமல் போனாலும், எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் கம்ப்ளையன்ஸ் வேலைக்கும் சோஷியல் ஆடிட்டுக்கும் ஆள் தேடுகிறார்கள். தொழிலாளர் சட்டம் ஏன், எப்படி வந்தது என்று தெரிந்த பட்டதாரி அங்கே வேண்டாத ஆள் இல்லை.

காலவரிசை இல்லாமல் கருப்பொருள் நிற்குமா என்று என் பழைய சகாக்கள் கேட்பார்கள். நிற்காது. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. எந்த வருடத்துக்குப் பிறகு எந்த வருடம் என்று தெரியாதவர் கருப்பொருளைப் பேசினால் அது வெறும் வாய்ப்பேச்சு. கட்டாயத் தாள்கள் இருக்கட்டும், அவற்றைக் குறைக்கச் சொல்ல நான் வரவில்லை. விருப்பத்தாள்கள் இருக்கின்றனவே, சுற்றுலா ஒரு பருவம், அருங்காட்சியகம் ஒரு பருவம், இதழியல் ஒரு பருவம் என்று துண்டு துணிகளைப் போல எடுத்துவைக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

உங்களில் சிலர் மனதுக்குள் கேட்கும் கேள்விதான் எனக்குக் கஷ்டம். "கம்பெனியை விட்டு வெளியே போகத்தானே படிக்கிறோம், அதையே எதுக்குப் படிக்கணும்?" அம்மா ஓவர்லாக் மிஷினில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உங்களைப் படிக்க வைத்தது, நீங்களும் அந்த ஓசையைப் பற்றியே பேச வேண்டும் என்பதற்கா? இந்தக் கேள்விக்கு மரியாதை கொடுக்கிறேன். பனியன் கம்பெனியைத் தொட விருப்பமில்லையா, தொடாதீர்கள். சோழர் கல்வெட்டுகளில் வரும் வெட்டி வேலையைப் படியுங்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர்களைப் படியுங்கள், கல்வி வரலாறு படியுங்கள், மருத்துவம் படியுங்கள். கருப்பொருள் உங்களுடையது. நான் கேட்பது ஒன்றுதான்: அது நீங்களாக எடுத்ததாக இருக்கட்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியை விட்டுப் போகிறவர்களுக்கும் அதைப் பற்றிப் பேசத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் அம்மாவின் கதையை வேறு யாரோ எழுதுவார்கள்.

கருப்பொருள் என்றதும் உடனே தங்கள் சாதியின் பெருமையைக் கையில் எடுக்கும் பையன்கள் இருக்கிறார்கள். எங்கள் கூட்டம், எங்கள் குலதெய்வம், எங்கள் பாளையக்காரர் என்று புராஜெக்ட் எழுதி, அட்டையில் ஒரு குதிரைப் படமும் போட்டுக் கொண்டுவருவார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் கருப்பொருள் உங்களைக் கொஞ்சமாவது சங்கடப்படுத்த வேண்டும். தோட்டங்காட்டின் வரலாறு எழுதுபவர், அந்தக் காட்டில் பண்ணையாளாக இருந்த குடும்பத்தின் வாசலுக்கும் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். கம்பெனி வரலாறு எழுதுபவர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் தங்கியிருப்பவர்களிடமும் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்டு எழுதியது துதிப்பாட்டு. அதற்குப் பட்டம் எதற்கு?

இப்போது வழக்கமான சிக்கல். விருப்பத்தாள் என்று பாடத்திட்டத்தில் அச்சாகியிருக்கும்; இரண்டு மூன்று தலைப்புகளில் ஒன்றை எடுக்கலாம் என்றும் இருக்கும். பல கல்லூரிகளில் அதை மாணவர் எடுப்பதில்லை. யார் ஆசிரியர் இருக்கிறாரோ, எதற்கு நோட்ஸ் தயாரோ, அதைத் துறை எடுத்துவிடுகிறது. நீங்கள் கையெழுத்து மட்டும் போடுகிறீர்கள். துறையைக் குற்றம் சொல்வது எளிது. காலிப் பணியிடங்களைக் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஒப்பேற்றும் காலத்தில், புதிய தாள் ஒன்றைக் கேட்பது ஆசிரியர் தலையில் சுமை ஏற்றுவதுதான். ஆனாலும் கேட்க வேண்டியவர்கள் நீங்கள். நாற்பது பேர் சேர்ந்து எழுத்தில் கேட்டால் துறைக் கூட்டத்தில் அது ஒரு பொருளாகும். துறையிலிருந்து பாடத்திட்டக் குழுவுக்குப் போகும். யாரும் கேட்காத வரை, "மாணவர்களுக்கு ஆர்வமில்லை" என்று அந்த இடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியை நானே கூட்டங்களில் பல தடவை கேட்டிருக்கிறேன்.

ஆகவே அடுத்த பருவம் தொடங்குவதற்குள் இதைச் செய்யுங்கள். வகுப்பில் உட்கார்ந்து பேசுங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து ஒவ்வொரு குழுவும் ஒரு கருப்பொருளை முடிவு செய்யட்டும். இருக்கிற விருப்பத்தாள்களில் எது அதற்குக் கிட்டே வருகிறது என்று பாடத்திட்டத்தை நீங்களே திறந்து பாருங்கள்; சீனியர் சொன்னதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். பிறகு ஒரே தாளில், இன்ன தலைப்பை எங்களுக்கு நடத்துங்கள் என்று காரணத்தோடு எழுதி, வகுப்பு முழுவதும் கையெழுத்துப் போட்டு, துறைத் தலைவரிடம் கொடுங்கள். நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்காக அந்தத் தாளின் வகுப்பைக் காலை நேரத்தில் வைக்கும்படியும் அதிலேயே கேளுங்கள். அதில் வெட்கம் இல்லை. புராஜெக்ட் இருக்கும் கல்லூரிகளில், பழைய மாணவர் எழுதியதை டிடிபி கடையில் பெயர் மாற்றி அடிக்கும் வழக்கத்தை இந்த வருடத்தோடு விடுங்கள். வீட்டில் இருக்கும் ஷிப்ட் நோட்டு, பழைய இ.எஸ்.ஐ. அட்டை, சங்க ரசீது, போனஸ் நோட்டீஸ், கதர்க்கடை பில் எதுவானாலும் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் எடுத்துவையுங்கள், போட்டோ எடுத்துத் துறையில் ஒரு பிரதி கொடுங்கள்.

துறைத் தலைவர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆள் இல்லை என்பது காரணமானால், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இந்த ஊரில் பலர் சும்மா இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம் என்று அவரிடம் சொல்லுங்கள். நான் வருகிறேன்.